நல்ல தண்ணியும் நாலு லிட்டர் கணக்கும்

திண்டுக்கல் வீடுகளில் தண்ணீர் இரண்டு வகைதான். நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று எங்கிருந்தாவது குழாயில் வந்து சேர்வது நல்ல தண்ணி. போர் போட்டு மோட்டார் இழுப்பது உப்புத் தண்ணி. அதைக் கெட்ட தண்ணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க, கழிப்பறைக்கு என்று அதற்கும் வேலைகள் உண்டு. உலை வைக்கும்போது மட்டும் அந்தக் குடத்தைத் தொடுவதில்லை.

நல்ல தண்ணிக்கு இலக்கணம் கேட்டால் எங்கம்மா யோசிக்காமல் சொல்வார்: "பருப்பு வேகணும், சோப்பு நொரைக்கணும், தலைக்கு ஊத்துனா முடி ஒட்டிக்கிடக் கூடாது." மூன்றும் வேதியியல்படி சரி. பாறை இடுக்குகளில் இறங்கும் நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. கடினத்தன்மை என்பது அதுதான். கால்சியம் சோப்போடு சேர்ந்து நுரையாகாமல் திப்பியாகிறது. பருப்பில் உள்ள பெக்டினை இறுக்கிப் பிடித்து வேகவிடாமல் செய்கிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதிலும் அதுவே. ஆனால் உடம்புக்கு விஷமில்லை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை.

அம்மாவின் சோதனைகளில் எனக்குப் பிடித்தது, அவை எல்லாருக்கும் பொது. எங்கள் வீட்டில் பருப்பு வேகவில்லை என்றால் பக்கத்து வீட்டிலும் வேகாது. இன்று அந்த இடத்தில் பேனா அளவுக்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வந்திருக்கிறது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருப்பதன் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கிருமி அதன் கண்ணில் படாது. திண்டுக்கல் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பிள்ளைகளின் பல்லில் கறையாகத் தெரிவது அதனால்தான். லிட்டருக்கு ஒன்றோ இரண்டோ மில்லிகிராம் கூடினால் போதும், பல்லைக் கெடுத்துவிடும். ஆயிரத்துச் சொச்சம் காட்டும் மீட்டரில் அது கடைசி இலக்கத்தை அசைத்தாலே பெரிது. பருப்பும் அதைக் காட்டிக்கொடுக்காது. இந்த ஒரு விஷயத்தில் அம்மாவும் மீட்டரும் சேர்ந்தே தோற்கிறார்கள்.

எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் இந்தியக் குடிநீர்த் தரநிலையை, 2012-இல் திருத்தப்பட்ட ஐஎஸ் 10500-ஐ, உட்கார்ந்து படித்தேன். அதில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒன்று ஏற்கத்தக்க வரம்பு. மற்றது, வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் வரம்பு. கடினத்தன்மைக்கு முதலாவது 200, இரண்டாவது 600. கரைந்த மொத்தத் திடப்பொருளுக்கு 500, 2,000. ஈயம், நைட்ரேட் போன்றவற்றுக்குத் தளர்வே கிடையாது. தளர்வு இருக்கும் இடங்களில் குடிப்பவரின் உடம்பு ஒன்றுதான். அவருக்கு வேறு வழி உண்டா என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. ஒரு தொழில்நுட்ப ஆவணம் இவ்வளவு பெரிய அறக்கேள்வியை அட்டவணைக்குள் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறது. வேறு வழி யாருக்கு? ஊருக்கா, வீட்டுக்கா? ஊரை மனதில் வைத்து எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது. நாம் வீட்டுக்கு என்று வாசித்துக்கொண்டோம். கேன் வாங்கினோம், ஆர்ஓ மாட்டினோம்.

அந்த ஆர்ஓவின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் போர்த் தண்ணியில் மீட்டர் 1,400 காட்டியது. நாலு லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் குடிக்கக் கிடைக்கிறது, அதில் 90. மற்ற மூன்று லிட்டர் கழிவுக் குழாயில் போகிறது. நாலு லிட்டரில் இருந்தது 5,600 மில்லிகிராம். குடிக்கும் லிட்டரில் தங்கியது போக மீதி 5,510-ஐ மூன்றால் வகுத்தால், லிட்டருக்கு 1,836 சொச்சம். பலர் இதைச் சொல்லித்தான் ஆர்ஓவைத் திட்டுகிறார்கள். நான் திட்ட மாட்டேன். உப்பு ஒரு துளிகூடப் புதிதாகச் சேரவில்லை, இருந்ததுதான் குறைந்த நீரில் திரும்பிப் போகிறது. வாளியில் பிடித்து வீடு துடைத்தால் மூன்று லிட்டரும் வீணில்லை. அடுக்ககங்களில் வைக்கும் சாஃப்ட்னர் வேறு ஜாதி. அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அது களைத்ததும் மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றிக் கழுவ வேண்டும். அந்த உப்புநீர் சாக்கடைக்குத்தான். மென்மையான தண்ணீருக்காக நிலத்தில் உப்பைக் கொட்டுகிற இந்த ஏற்பாட்டைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை.

இந்த ஊருக்கு உப்பு புதிதில்லை. தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். தோல் ஷாப்புகளில் அதைக் கழுவிய தண்ணீர் பல ஆண்டுகள் மண்ணில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் காலூன்றிய தீர்ப்பு அது. திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். தொகை சொற்பம். ஆனால் அப்படியொரு வழக்கு எப்படிச் சாத்தியமானது என்று யோசிக்கிறேன். அன்று கிணறு கெட்டால் வாத்தியார் வீட்டுக்கும் கெட்டது, கூலிக்காரர் வீட்டுக்கும் கெட்டது. தப்பிக்க யாருக்கும் சுலபமான வழி இல்லை. அதனால் எல்லாரும் ஒரே குறையைச் சொன்னார்கள்.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் வெளியிட்ட 'எக்ஸிட், வாய்ஸ், அண்ட் லாயல்டி' நூலில் நைஜீரிய ரயில்வேயைப் பற்றிச் சொல்கிறார். ரயில் மோசமானபோது, சத்தம் போட்டுத் திருத்தியிருக்கக்கூடிய வாடிக்கையாளர்கள் முதலில் லாரிக்குப் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லாமல் ரயில் மோசமாகவே ஓடியது. எங்கள் தெருவில் மனு எழுதத் தெரிந்த, அதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசத் தெரிந்த ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் ஆர்ஓ தொங்குகிறது. பின் சந்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அடி பம்பும், காசு இருக்கிற வாரத்தில் கேனும். நான் மாட்டியிருக்கும் இயந்திரம் அவர்கள் தண்ணீரில் சேர்க்கும் உப்பைவிட, அவர்கள் வரிசையிலிருந்து எடுத்துவிட்ட ஆள்தான் பெரிய இழப்பு. மில்லிகிராம் கணக்கில் அது வராது.

இதை அக்காவிடம் சொன்னேன். "நீ நல்லா குரல் குடு தம்பி. அதுவரைக்கும் பாப்பா எதைக் குடிக்கும்?" என்றாள். மறுக்க முடியாத கேள்வி. ஃப்ளோரைடு இருக்கும் ஊரில் பிள்ளை பெற்றவர்கள் அரசுத் திட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, காத்திருக்கவும் கூடாது. ஆர்ஓ மாட்டுவது தப்பு என்று சொல்வது சோம்பேறித்தனமான அறம். ஆனால் ஹிர்ஷ்மனின் ரயிலுக்கும் எங்கள் தெருவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. லாரிக்குப் போனவர்கள் ரயிலை மறந்துவிடலாம். நான் குடியிருப்பது இன்னும் அதே நிலத்தின் மேல்தான். தவிர, தாகம் தீர்ந்தவனுக்குத்தான் நேரம் இருக்கிறது. பின் சந்துக்காரர் மனுவோடு அலைந்தால் ஒரு நாள் கூலி போகும், எனக்கு அரை நாள் லீவு. "உங்க வீட்டுலதான் மெஷின் இருக்கே, உங்களுக்கென்ன?" என்று எந்த அலுவலகத்திலும் கேட்பார்கள். கேட்கட்டும்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் தண்ணீரைச் சோதித்துத் தருவார்கள். ஃப்ளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை என்று தனித்தனியாக எண் வரும். போன மாதம் அதற்காக என் வீட்டுத் தண்ணியை விட்டுவிட்டு, பின் சந்து அடி பம்பில் பிடிக்கப் போனேன். குடத்தோடு நின்றிருந்த அக்கா என் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்து எதற்கென்று கேட்டார். சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. தன் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு எனக்காக நாலு அடி அடித்துவிட்டார். பாட்டில் நிறைந்ததும், "ரிசல்ட்டு வந்தா இங்கயும் வந்து சொல்லிட்டுப் போங்க தம்பி" என்றார்.