காணாதவை இல்லாதவை ஆகுமா?

ஒரு பொருளைப்பற்றி நாம் அதிகம் அறிந்திருக்கவில்லை என்பதற்காக, அது அற்பமானது என்று முடிவுகட்டலாமா? தர்க்கம் அறிந்த எவரும் கூடாதென்றே கூறுவர். ஆயினும், இத்தவறு விஞ்ஞானத்திலும் நிகழ்ந்துள்ளது, வகுப்பறையிலும் நிகழ்கிறது. மனிதப் புரதங்களுக்கிடையேயுள்ள தொடர்புகளைப் படமாக வரைந்த முயற்சி இதனைத் தெளிவாக்குகின்றது.

மனிதனிடம் புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறக்குறைய 20,000 உள்ளன. புரதங்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று கூடியே தொழில் புரிகின்றன. எது எதனோடு கூடுகிறதென அறிய, 1989 இல் அமெரிக்காவில் ஸ்ரான்லி பீல்ட்ஸ், ஓக்-கியூ சோங் என்போர் ஒரு வழி கண்டனர். பாண் மாவைப் புளிக்கவைக்கும் மதுவத்திலே, பரம்பரையலகொன்றை இயக்கும் புரதத்தை இரு கூறாக்கி, ஆராயவேண்டிய இரு புரதங்களையும் கூறுக்கொன்றாகப் பொருத்தினர். அவை ஒன்றையொன்று பற்றினால், பிரிந்த கூறுகள் அருகருகே வந்து பரம்பரையலகை இயக்கும். அப்பரம்பரையலகு மதுவத்தின் உயிர்வாழ்வுக்கு வேண்டிய ஒன்றாயின், இணைந்த சோடியைத் தாங்கிய மதுவமே வளரும். வளர்ச்சியே விடை.

தனித்தனி ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து வரைந்த படங்களிலே, புற்றுநோயோடு தொடர்புடைய பி-53 போன்ற புகழ்பெற்ற புரதங்களைச் சுற்றிக் கோடுகள் நெருங்கி நின்றன. ஏனைய இடங்கள் வெறுமையாய்க் கிடந்தன. இவ்வெறுமை இயற்கையின் படைப்பா? அன்று. பணம் கிடைத்த துறைக்கே ஆய்வாளர் சென்றனர். சென்ற இடத்திலே செய்தி பிறந்தது. செய்தி பிறந்த இடத்தையே மீண்டும் பணம் நாடியது. செல்வம் செல்வத்தைச் சேர்ப்பதுபோல, புகழ் புகழைச் சேர்த்தது.

பொஸ்ரன் நகரின் டானா-பார்பர் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த மார்க் விடாலும் பல நாட்டு அறிஞரும் வேறு வழி சென்றனர். புகழ் நோக்காது, எல்லாப் புரதங்களையும் ஒன்றோடொன்று சோதிப்பதே அவ்வழி. 2014 இல் ஏறக்குறைய 14,000 தொடர்புகளை வெளியிட்டனர். 2020 இல் ஏறக்குறைய 17,500 புரதங்களை, அதாவது 15 கோடி வரையான சோடிகளைச் சோதித்து, ஏறக்குறைய 53,000 தொடர்புகளைக் கண்டனர். வெறுமையெனத் தோன்றிய இடங்களிலும் தொடர்புகள் பரந்து கிடந்தன.

இப்படமும் முழுமையானதன்று. மதுவத்துட் பற்றிக்கொள்ளும் இரு புரதங்கள் மனித உடலில் ஒருபோதும் சந்திக்காமலிருக்கலாம். எனவே வேறு முறைகளாலும் சரிபார்க்க வேண்டியுள்ளது. மதுவம் வளராமையும் தொடர்பின்மைக்குச் சான்றாகாது. கேட்ட முறைக்கு விடை வரவில்லை என்பதே அதன் பொருள்.

புரதங்கள் மனிதருக்குச் சமத்துவம் போதிக்கின்றன என்று நாம் சொல்ல வரவில்லை. இயற்கையிலிருந்து நீதியைப் பறித்தெடுக்க முயன்றோர், அநீதிக்கும் அங்கேயே நியாயம் தேடியதை நாம் மறக்கலாகாது. நாம் கற்கவேண்டியது புரதத்தின் குணத்தையன்று, ஆய்வாளன் தன் பார்வையைத் திருத்திக்கொண்ட முறையையே.

முன் வாங்கிலிருப்போரிடமே நாள்தோறும் வினாத் தொடுத்துவிட்டு, பின் வாங்கிலிருப்போர் மந்தரென்று அறிக்கை எழுதும் ஆசிரியர் நம்முள் இல்லையா? அவ்வறிக்கையில் பதிவாவது மாணவனின் அறிவா, நமது பார்வையின் எல்லையா? ஒரு பிள்ளையை மதிப்பிடுமுன், அவனிடம் எத்தனை முறை வினவினோம், எந்த முறையில் வினவினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அதன் பின்னரே தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கு உண்டு.