பெயர் யாருக்குச் சொந்தம்?

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு என்றைக்கும் உள்ளது, யாரும் உண்டாக்கியதல்ல என்பது மீமாம்சகர்களின் கட்சி. இன்ன சொல் இன்ன பொருளைக் குறிக்கட்டும் என்று ஏற்படுத்தியதுதான் என்பது நியாய சாஸ்திரம். சர்வர்களுக்குப் பெயர் வைத்துப் பிழைக்கும் நான் நியாயத்தின் பக்கம். ஆனால் ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டால் பொறுப்பும் வந்துவிடுகிறது. அநாதியான உறவுக்குக் காவல் வேண்டாம்; மனிதன் செய்த ஏற்பாட்டை மனிதன்தான் காப்பாற்ற வேண்டும்.

அந்தக் காவல் தவறியதற்கு ஓர் உதாரணம்: டெபியன் லினக்ஸ்காரர்கள் 2003 முதல் தங்கள் மூலநிரல்களை அலியோத் என்ற சர்வரில் வைத்திருந்தார்கள். சப்தரிஷி மண்டலத்து நட்சத்திரம் ஒன்றின் பெயர் அது. நம் மரபில் ஆங்கிரசர். அழகான பெயர்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று புதியவருக்குச் சொல்லாது. 2018-இல் அதை மூடிவிட்டு, கிட்லாப் என்ற மென்பொருள் ஓடும் சல்சா என்ற சர்வருக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்தப் பெயரும் எதையும் சொல்லவில்லை. டெபியன் பொதிகளின் கன்ட்ரோல் கோப்பில் 'விசிஎஸ்-கிட்' என்று ஒரு வரி இருக்கும், மூலநிரலின் முகவரி. பொதி பொதியாகத் திறந்து அந்த வரியை மாற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் பல பொதிகளின் பராமரிப்பாளர் மின்னஞ்சலில் அலியோத் இன்னும் இருக்கிறது. உடல் போயும் பெயர் போகவில்லை.

பள்ளியில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று படித்தோமே, அதுவே இங்கே வழிகாட்டி. 1990-இல் டான் லைப்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 1178, கணினிக்கு அது செய்யும் வேலையின் பெயரை வைக்காதே என்கிறது, ஏனென்றால் வேலை மாறும். சரியான பேச்சு. இயந்திரத்துக்கு நட்சத்திரம், நதி, எந்த இடுகுறியும் ஆகட்டும். ஊரார் தட்டும் வாசலுக்குக் காரணப் பெயர்தான் வேண்டும். இரண்டையும் இணைக்க டிஎன்எஸ்-இல் சிநேம் பதிவு இருக்கிறது.

நெருளில் எங்கள் கட்டடத்தில் சனிக்கிழமைதோறும் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்கிறோம். பத்மநாபன் என்ற நாமம் அதில் மூன்று இடங்களில் வருகிறது. உரைகாரர்கள் இடத்துக்கு ஏற்ப வேறு வேறு பொருள் சொல்லியிருக்கிறார்கள். நாமம் கடந்தவனுக்கு ஆயிரம் நாமம் எதற்கு? அவனுக்கு வேண்டியதில்லை, கூப்பிடும் நமக்கு வேண்டும். பொது சர்வரின் பெயரையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது நிர்வாகியின் ரசனைக்குச் சொந்தமல்ல, நள்ளிரவில் எங்கோ உட்கார்ந்து நிரல் தேடும் மாணவிக்குச் சொந்தம்.

கல்லூரியிலோ அலுவலகத்திலோ பொதுவில் மூலநிரல் சர்வர் தொடங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வாசலுக்குக் 'கோட்' என்று பெயர் வையுங்கள். கிட்லாப் என்று வேண்டாம், நாளை வேறு மென்பொருள் வரும். 'கிட்' என்றுகூட வேண்டாம், அதற்கு முன் சிவிஎஸ், எஸ்விஎன் எல்லாம் கோலோச்சியவைதான். பின்னால் எத்தனை இயந்திரம் மாறினாலும், கொடுத்த பெயரை மட்டும் திரும்ப வாங்காதீர்கள்.