இன்றைக்கு எத்தனை பேர்?



சில வாரங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போது பேச்சு கொரோனா நாட்களுக்குத் திரும்பியது. ஒரு வாலிபத் தம்பி சொன்னார்: "அதெல்லாம் பொய்க் கணக்கு பாஸ்டர். டெய்லி ஒரு நம்பரைச் சொல்லிப் பயமுறுத்தி, நம்மள வீட்டுக்குள்ள அடைச்சு வச்சாங்க." பக்கத்தில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய்யா தம்பி? எங்க தெருவுல மட்டும் நாலு பேர் போனாங்க. அவங்க சொன்ன கணக்கே கம்மி" என்றார். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பரிசுத்த ஆவியானவர் என்னோடு இடைப்பட்டார். நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆறு மணி

அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச் 7-ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் நோயாளி, ஓமனிலிருந்து வந்தவர். மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பூந்தமல்லியில் இருக்கிற பொது சுகாதார நிறுவனத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைத்தார்கள். சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், வீட்டுக்கு வீடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவோம். சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் வந்து கணக்கு வாசிப்பார். ஜெபத்துக்கு ஆறு மணிக்கு உட்காராதவர்கள்கூட அந்தக் கணக்குக்கு உட்கார்ந்தார்கள்! "இன்னிக்கு எத்தனை பேர்?" இதுதான் அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்த கேள்வி.

கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்டோம். அம்பத்தூர் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலம். பக்கத்திலே திருமுல்லைவாயில், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் திருவள்ளூர் மாவட்டக் கணக்கு. "நம்ம பக்கம் பரவாயில்ல, அந்தப் பக்கம்தான் ஜாஸ்தி" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. அந்தப் பக்கம் இருந்ததும் மனுஷர்தானே!

எண் ஏறினால் சிலர், "காசு வாங்கறதுக்காக ஏத்திக் காட்டறாங்க" என்றார்கள். எண் இறங்கினால் அதே ஆட்கள், "டெஸ்ட்டைக் குறைச்சிட்டாங்க" என்றார்கள். இறங்கினாலும் பொய், ஏறினாலும் பொய். அப்படியானால் உண்மை எது? உண்மையை அறிய யாருக்கும் மனதில்லை. பயப்பட ஒரு எண் வேண்டும், இல்லாவிட்டால் பரியாசம் பண்ண ஒரு எண் வேண்டும். அவ்வளவுதான்.

ஒரு எளிய காரியத்தை யோசியுங்கள். சின்ன வலை போட்டால் கொஞ்சம் மீன், பெரிய வலை போட்டால் அதிக மீன். அதனால் கடலில் மீன் கூடிவிட்டது என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆகையால் எத்தனை பேருக்கு நோய் என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், அதிலே நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருந்தது என்றும் கேட்கவேண்டும். இன்னொன்று: ஒருவருக்கு நோய் தொற்றிக் காய்ச்சல் வர ஐந்தாறு நாள், பிறகு டெஸ்ட் எடுத்து முடிவு வர இரண்டு மூன்று நாள். ஆகவே இன்றைக்கு டிவியில் வாசித்த எண், பத்து நாளைக்கு முன்னே நாம் நடந்துகொண்ட விதத்துக்குக் கிடைத்த மார்க்கு. விதைத்தது ஒரு நாள், அறுத்தது வேறொரு நாள்.

பரிசோதிப்பது அவிசுவாசமா?

"விசுவாசிக்கு எதற்கு டெஸ்ட்? கர்த்தர் காப்பாற்றமாட்டாரா?" என்று நம் சபைகளில் பலர் கேட்டார்கள். வேதத்தைத் திறந்து பாருங்கள். லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில் ஒருவன் சரீரத்தில் சந்தேகமான அடையாளம் கண்டால் என்ன செய்யவேண்டும்? ஆசாரியன் அவனைப் பார்க்கவேண்டும். தெளிவாகத் தெரியாவிட்டால் ஏழு நாள் தனியே அடைத்துவைத்து, மறுபடி பார்க்கவேண்டும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் இன்னும் ஏழு நாள். ஏழும் ஏழும் எத்தனை? பதினாலு! 2020-ல் தனிமைப்படுத்தச் சொன்னதும் பதினாலு நாள்தானே. பரிசோதனையும் தனிமையும் பிசாசின் தந்திரமாக இருந்தால், கர்த்தர் அதைப் பிரமாணத்தில் எழுதிவைப்பாரா?

நம் ஆண்டவரைப் பாருங்கள். பத்துக் குஷ்டரோகிகள் அவரைக் கூப்பிட்டபோது, ஆசாரியர்களிடத்தில் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி அனுப்பினார் (லூக்கா 17). சுகம் கொடுக்கிற தேவனே, போய்க் காட்டு என்றார். நான் அந்த வசனத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் சோதனை வந்த நாளில் அதைக் கைவிட்டேன்.

கணக்கில் வராத சகோதரன்

2020 ஜூன் முதல் வாரம். அம்பத்தூர் எஸ்டேட் மெல்லத் திறந்திருந்த சமயம். நம் சபைக்கு வரும் ஒரு சகோதரன் லேத் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் அவர் மனைவி போன் பண்ணினார்கள்.

"பாஸ்டர், அவருக்கு மூணு நாளா காய்ச்சல். காபி வாசனைகூடத் தெரியலங்கறார். டெஸ்ட் எடுக்கலாமா?"

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? "உடனே போங்கம்மா, நான் ஜெபிக்கிறேன்" என்று சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது இது: "அவசரப்படாதீங்கம்மா. இப்ப போனீங்கன்னா வாசல்ல தகரம் அடிச்சிடுவாங்க. தெருவெல்லாம் பேசும், சபைக்கும் பேர் கெட்டுப்போகும். நாம உபவாசம் இருந்து ஜெபிக்கலாம்."

அந்த மூன்று நாளும் அவர் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். போகாவிட்டால் கூலி இல்லையே! ஐந்தாம் நாள் மூச்சுத் திணறல். ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்முன் பிராணன் போய்விட்டது. பரிசோதனை எடுக்கவில்லை. ஆகவே அன்று ஆறு மணிக்கு வாசித்த கணக்கில் அவர் இல்லை. மறுநாளும் இல்லை. இன்றுவரைக்கும் இல்லை.

2020 ஜூலை 22-ஆம் தேதி, சென்னையில் முன்பு விட்டுப்போன 444 மரணங்களை அரசாங்கம் கணக்கில் சேர்த்தது. பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சேர்த்தார்கள். ஜனங்கள், "பாத்தீங்களா, மறைச்சாங்க!" என்று கோபப்பட்டார்கள். நானும் கோபப்படப் போனேன். அப்போது என் உள்ளத்தில் ஒரு கேள்வி: "அவர்கள் 444 பேரை இப்போதாவது சேர்த்தார்கள். நீ மறைத்த ஒருவனை எப்போது சேர்க்கப்போகிறாய்?" அப்படியே முழங்காலில் விழுந்தேன்.

பிரியமானவர்களே, அதிகாரிகள் கணக்கில் குறை இருந்தது உண்மை. இந்தியா முழுவதும் 2020, 2021 இரண்டு வருஷத்தில் கொரோனாவினால் நேரடியாகவோ மறைமுகமாகவோ சுமார் 47 லட்சம் பேர் மரித்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அரசாங்கக் கணக்கில் இருந்தது சுமார் 4.8 லட்சம். அரசாங்கம் அந்த மதிப்பீட்டை ஏற்கவில்லை. அந்த வழக்கைப் படித்தவர்கள் பேசட்டும். ஆனால் கணக்குக் குறைந்ததற்கு நாமும் ஒரு காரணம் அல்லவா? காய்ச்சலை மறைத்தவர் யார்? முகாமுக்கு வந்த நர்ஸம்மாவிடம், "எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினவர் யார்?

கிரயம் கொடுத்தது யார்?

2 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தில் தாவீது ஜனங்களை எண்ணச் சொன்னான். யோவாப் ஒன்பது மாதமும் இருபது நாளும் சுற்றி வந்து, இஸ்ரவேலில் எட்டு லட்சம், யூதாவில் ஐந்து லட்சம் யுத்தவீரர் என்று கணக்குக் கொடுத்தான். பிறகு கொள்ளைநோய் வந்தது. எழுபதாயிரம் பேர் மாண்டார்கள். எண்ணினதே பாவம் என்று சிலர் போதிக்கிறார்கள். அப்படியானால் எண்ணாகமம் என்று ஒரு புஸ்தகமே ஏன்? தாவீது தன் பலத்தைப் பார்த்துப் பெருமைப்பட எண்ணினான், அதுதான் குற்றம். ஆனால் ஜனங்கள் சாகிறதைக் கண்டபோது அவன் யாரையும் கைகாட்டவில்லை. குற்றம் என்னுடையது, இந்த ஆடுகள் ஒன்றும் செய்யவில்லை என்று அழுதான். அப்புறம் அர்வனாவின் களத்தில் பலிபீடம் கட்டப் போனான். அர்வனா சும்மா கொடுக்கிறேன் என்றபோது, கிரயம் இல்லாமல் வாங்கிப் பலியிட மறுத்து, ஐம்பது சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தான்.

கவனியுங்கள். ஊரடங்கும் ஒரு பலிதான். கிரயம் கொடுத்தது யார்? மாதச் சம்பளம் பாங்கில் வந்து விழுந்தவர்களுக்கு அது லீவு. தினக்கூலிக்காரனுக்கு அது பட்டினி. எஸ்டேட்டில் வேலை செய்த வடமாநிலப் பிள்ளைகள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நம் கண்ணாலே கண்டோம். கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவி, 2020 மே 5 அன்று அதை மூடி, நம் பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருமழிசைக்குக் கொண்டுவந்தார்கள். மழை பெய்தால் சேறு. அந்தச் சேற்றில் மூட்டை சுமந்தவர்கள் கொடுத்த கிரயத்தில்தான் நம் வீட்டில் சாம்பார் கொதித்தது.

ஊரடங்கினால் பலன் இருந்ததா? இருந்தது. ஆனால் அது கிருமியைக் கொல்லவில்லை. ஆஸ்பத்திரி தாங்கும்படி வேகத்தைக் குறைத்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேர். மே 24 முதல் கடுமையான ஊரடங்கு. ஜூன் நடுவிலே அந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனால் 2020 ஏப்ரலில் நாலு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்தபோது என்ன நடந்தது? முந்தின நாள், ஏப்ரல் 25 அன்று, சென்னையில் கடைகளில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். நாலு நாள் காக்கவேண்டியதை அரை நாளில் கொட்டிவிட்டோம். சட்டம் கதவைத்தான் பூட்டும், இருதயத்தைப் பூட்டாது. அயலானுக்காக நான் அடங்கியிருக்கிறேன் என்ற அன்பு இருந்தால்தான் அது நிற்கும்.

அந்தச் சகோதரியின் சாட்சி

2021 மே மாதம் மறுபடி அதே சகோதரியிடமிருந்து போன். எனக்குக் கை நடுங்கியது.

"பாஸ்டர், எனக்குக் காய்ச்சல். நேத்தே டெஸ்ட் கொடுத்துட்டேன், பாசிட்டிவ். பிள்ளைங்கள எங்கம்மா வீட்ல விட்டுட்டேன். யாரும் உள்ள வரவேணாம்னு சொல்லிடுங்க. நீங்க ஜெபம் மட்டும் பண்ணுங்க."

ஒரு வார்த்தை என்னைக் குற்றப்படுத்தவில்லை. அதுதான் என்னை உடைத்தது. வாலிபர்கள் வாசலில் அரிசியும் பாலும் வைத்துவிட்டு வந்தார்கள். சபைப் பணத்தில் வாங்கின ஆக்ஸிமீட்டர் ஒன்றைக் கொடுத்தோம். காலை, மாலை எண்ணைச் சொல்வார்கள்: "96 பாஸ்டர்." "95 பாஸ்டர்." 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ தயாராக இருந்தது. இறங்கவில்லை. கர்த்தர் சுகம் கொடுத்தார், அல்லேலூயா! அந்த நாட்களில் டிவியில் சொன்ன முப்பதாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று அந்தச் சகோதரி. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது: அந்த எண்ணில் வருகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது.

நூறு ஆடுகளில் ஒன்று குறைந்தது என்று மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணினபடியால் தெரிந்தது! எண்ணாதவன் தேடப்போகமாட்டான். நம் தமிழ்நாட்டில் கணக்கில் வந்த மரணங்கள் மட்டும் 38,000-க்கு மேல். அதைப் பொய் என்று சிரிக்கிற தம்பியே, அதிலே ஒரு வீட்டுக்குப் போய்ச் சிரித்துப் பார்.

இப்போது நாம் செய்யவேண்டியது

தேவபிள்ளையே, அந்த நாட்கள் போய்விட்டன. ஆனால் மறைக்கிற சுபாவம் போகவில்லை. இருமல் இரண்டு வாரத்துக்குமேல் நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம். வெட்கப்படாதீர்கள். ஊழியக்காரரே, உங்களிடம் ஒருவர் "டெஸ்ட் எடுக்கலாமா?" என்று கேட்டால், ஜெபித்து அனுப்புங்கள், ஜெபித்து நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். அதன் கிரயத்தை ஒரு விதவையும் இரண்டு பிள்ளைகளும் கொடுக்கிறார்கள்.

உங்கள் தெருவில் அந்த நாட்களில் துணையை இழந்த வீடு இருக்கிறதா? இந்த வாரம் போய் உட்காருங்கள். அவர் பேரைக் கேளுங்கள். எந்தப் பட்டியலில் அவர் விட்டுப்போனாலும், நம் தலைமயிரையும் எண்ணி வைத்திருக்கிறவருடைய கணக்கில் அவர் விட்டுப்போகவில்லை.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எண்ணைக் கேட்டோம், மனுஷனைப் பார்க்கவில்லை. மறைத்தோம், அதற்கு விசுவாசம் என்று பேர் வைத்தோம். என்னை மன்னியும். உண்மையைச் சொல்லும் நாவையும், அயலானுக்காகக் கிரயம் கொடுக்கும் இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.