கண்மாயின் கோடையும் கடலின் கணக்கும்

பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதை ‘மச்ச நியாயம்’ என்று அழைத்து, அரசனற்ற நாட்டின் சீர்கேட்டிற்கு அதை உவமையாக்கிய வடமொழி அரசியல் நூல்கள், நீருக்கடியில் வலிமையைத் தவிர வேறு முறை ஏதும் இல்லை என்றொரு தீர்ப்பையும் சேர்த்தே வழங்கிவிட்டன. அத்தீர்ப்பு பிழையானது. மிதவை உயிரிகள் எனப்படும், நீரோட்டத்தில் மிதந்து வாழும் நுண்ணுயிர்களைச் சாளை வடித்துத் தின்பதும், அந்தச் சாளையை வஞ்சிரமும் சூரையும் வேட்டையாடுவதும் கடலின் சீர்கேடல்ல, கடலின் ஒழுங்கே. அந்த ஒழுங்கிற்குள் வலையோடு நுழையும் மனிதன் பிடிபட்ட மீனுக்கு மட்டும் கடன்பட்டவனா, அம்மீனை உணவாக நம்பியிருந்த உயிர்களுக்கும் கடன்பட்டவனா என்பதே இங்குள்ள அறவியல் வினா.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வறண்ட நிலத்திலிருந்து இவ்வினாவை எழுப்புவது பொருந்தாததாகத் தோன்றலாம். ஆயினும் திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு, மழை பெய்த ஆண்டுகளில் மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது; இந்நிலத்தின் சிந்தனை மரபும் இவ்வினாவிற்கு அந்நியமானதன்று. இவ்வட்டாரத்துக் குறண்டியில் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் சிறந்திருந்த சமணப் பள்ளியின் துறவியர் பெயர்கள் மதுரைக் குன்றுகளின் கல்வெட்டுகளில் பொறிக்கப்பட்டுள்ளன. சமணத்தின் கொல்லாமையை, இந்த ஓர் உயிரை இந்தக் கை கொல்லாதிருத்தல் என்ற அளவிலேயே பலரும் புரிந்துகொள்கின்றனர். உயிர்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்பவை என்பதும் அச்சமயத்தின் கொள்கைதான். இரண்டையும் சேர்த்து எண்ணினால், வலையில் சிக்காத உயிருக்கும் வலையால் தீங்கு நேரும் என்பது விளங்கும்.

இதனைக் கண்மாயில் கண்கூடாகக் காணலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய கண்மாயின் மீன்பாசி குத்தகையை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமையை, ஏலத்தில் எடுப்பவர் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுகிறார். அக்குஞ்சுகளை விரால் தின்றுவிடும் என்பதால் விராலைப் பகையாகவே கருதுகிறார். அந்த விராலோ 1952-இல் இந்தியாவிற்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையின் குஞ்சுகளையும் தின்கிறது. விரால் ஒழிந்த நீரில் ஜிலேபிக் கெண்டை தடையின்றிப் பெருகி, இரை போதாமல் விரல் நீளத்திலேயே வளர்ச்சி குன்றி, உள்ளூர்க் கெண்டையின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. பகை என்று கருதப்பட்ட மீன், குத்தகைதாரருக்கே தெரியாமல் அவருக்குக் காவலாக இருந்திருக்கிறது.

கோடையில் நீர் முழங்காலளவு வற்றியதும் ஊர் முழுவதும் ஒரே நாளில் இறங்கி மீன்பிடிக்கும் அழிகண்மாய் வழக்கம் தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் இன்றும் உண்டு. அடியும் மேலும் திறந்த ஊத்தாக் கூடையைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையைவிட்டுத் துழாவி, துள்ளும் மீனைப் பிடிக்கிறார்கள். எல்லாவற்றையும் அள்ளிவிடும் இச்செயல் கொடுமையெனத் தோன்றினும், இன்னும் சில நாளில் அந்த நீரே இருக்காது. காற்றைச் சுவாசிக்கவல்ல விரால் ஈரச் சேற்றில் பதுங்கிச் சில காலம் உயிர் தரித்திருக்கும். அடுத்த மழையில் வரத்துக்கால் வழியே புதுமீனும் ஏறிவரும். கண்மாயில் கணக்கை முடித்து மீண்டும் தொடங்கிவைப்பது கோடையே.

கடலுக்குக் கோடை இல்லை. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் மீன்பிடித் தடை, மனிதரே வகுத்துக்கொண்ட ஒரு கோடை. அது வேண்டியதே, எனினும் எந்த மீன் எதற்கு இரை என்று அது கேட்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் மீன்வள அறிவியல், ஓர் இனம் தன்னைத் தானே ஈடுசெய்துகொள்ளும் வரம்பிற்குள் எடுக்கத்தக்க மிகுதியான அளவை ‘உச்ச நிலைத்த விளைச்சல்’ என்று வரையறுத்து, அதனைப் பெரும்பாலும் இனம் இனமாகத் தனித்தனியே கணக்கிட்டது. சாளையிலும் உச்ச அளவு, வஞ்சிரத்திலும் உச்ச அளவு என்று இரண்டையும் ஒருசேர எடுக்க இயலாது. முன்னதன் உச்சம் பின்னதன் பட்டினி. 1980-இல் கையெழுத்தான அண்டார்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை இதனை ஏற்று, பிடிக்கப்படும் உயிரை நம்பி வாழும் பிற உயிர்களையும் கணக்கில் சேர்த்தது. அங்குள்ள கிரில் என்னும் இறாலை ஒத்த சிற்றுயிரில், பிடிக்கத் தொடங்குமுன் இருந்த இருப்பின் 75 விழுக்காடு எஞ்சியிருக்க வேண்டும் என்ற அதன் விதி, திமிங்கிலம், பெங்குவின் முதலியவற்றின் பசிக்கு ஒதுக்கிய பங்கு. மானுடச் சட்டம் ஒன்றில் பிற உயிரின் பசி எண்ணாக எழுதப்பட்டது சிறிய செய்தியன்று. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் உறுப்பு நாடு.

பாக் விரிகுடாவில் அத்தகைய கணக்கு இன்னும் இல்லை. 1974-இலும் 1976-இலும் வகுக்கப்பட்ட கடல் எல்லை இந்தியாவையும் இலங்கையையும் பிரித்தது, மீன்களைப் பிரிக்கவில்லை. இறாலுக்காக இழுக்கப்படும் இழுவைமடி கடற்புல்லைக் கிளறிச் செல்கையில், அப்புல்லை மேயும் கடற்பசுவும் அப்புல்லிடையே வளரும் மீன்குஞ்சுகளும் ஒருங்கே இழப்பிற்கு உள்ளாகின்றன. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. தமிழ்நாடு 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்த எல்லையைத் தாண்டியதாகக் கைதாகும் இராமேசுவரத்து மீனவரின் துயரமும், வலையறுந்து நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவரின் இழப்பும் உண்மையானவை; ஆயினும் இருவருக்கும் இடையிலான பேச்சில் மனிதரின் பங்கு மட்டுமே பேசப்படுகிறது.

மதுரையின் திருவிளையாடற் புராணத்தில் வலைவீசிய படலம் என்றொரு பகுதி உண்டு. பரதவரின் வலைகளைக் கிழித்துத் தொழிலைக் கெடுத்த கொடிய சுறாவைச் சிவபெருமான் வலைஞராக வந்து பிடிக்கிறார். அது சாபத்தால் அவ்வுருவில் திரிந்த நந்திதேவர் என்பது பின்னர் வெளிப்படுகிறது. இக்கதையைப் பக்தியோடு கேட்கும் ஒரு சமூகத்திற்கு, தொல்லை என்று தோன்றும் உயிருக்கு வேறொரு பணியும் இருக்கலாம் என்ற எண்ணம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதன்று. சுறா எத்தனை டன் கரைசேர்ந்தது என்று எழுதப்படும் பதிவேட்டில், அது எதைத் தின்றது, அது குறைந்ததால் எது பெருகியது, எது அருகியது என்பதையும் எழுத வேண்டும். அந்தப் பதிவேடு இரு நாடுகளுக்கும் பொதுவானதாகவும் இருத்தல் வேண்டும்.