மேளத்தில் புதிதாய்ச் சேர்ந்தவன்



அன்புக்கொடி மக்களே, நம் பேரையூர்ப் பக்கம் ஊர்த் திருவிழா என்றால் நையாண்டி மேளம் வேண்டும். இரண்டு நாயனம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம். இருபது, முப்பது வருடம் சேர்ந்தே வாசித்தவர்கள். ஒருவர் கண்ணைக் காட்டினால் மற்றவர் நடையை மாற்றிவிடுவார். அந்தக் கூட்டத்துக்குள் முறையாகப் படித்த ஒரு பிள்ளை வருகிறான். இருப்பவர்களைவிட நன்றாகவும் வாசிக்கிறான். இப்போது யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது?

பெரியவர்களுக்குப் பணிந்து போ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை.

முதலில் வாத்தியத்தைப் பாருங்கள். நாயனத்தில் திமிரி, பாரி என்று உண்டு. திமிரி குட்டை, சுருதி ஏறி நிற்கும். பாரி நீளம், சுருதி தாழ்ந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையால்தான் பாரி பெயர் பெற்றது. மேளத்தில் இருப்பவர் திமிரி ஊதும்போது, வந்தவன் தன்னுடையதே உயர்த்தி என்று பாரியை எடுத்தால், இரண்டும் நல்ல வாத்தியமாக இருந்தும் காது தாங்காது. இங்கே விட்டுக்கொடுப்பது அடிமைத்தனம் அல்ல. சுருதி சேர வேறு வழி இல்லை.

ஷேக் சின்ன மௌலானா ஆந்திரத்தில் பரம்பரையாக நாயனம் வாசித்த குடும்பத்தில் பிறந்தவர். அவரே தஞ்சாவூர்ப் பாணிக்காக நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக வந்து உட்கார்ந்தார். 1998-இல் சங்கீத கலாநிதி ஆனார். உட்கார்ந்ததால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது?

இனி மூத்தவர்கள் பக்கம். வயதானால் மூச்சு குறையும். பையன் நன்றாக ஊதினால் அடுத்த வருடம் நம்மைக் கூப்பிடுவார்களா, பங்கு கிடைக்குமா என்ற பயம் வரும். அது வயிற்றுப் பயம், அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்காக ஒருவனை வருடக்கணக்கில் தாளம் தட்டவே விட்டுவைப்பது நியாயமா? அதைவிட மோசம், “உங்க அப்பன் தவிலைத் தொட்டிருக்கானாடா?” என்று கேட்பது. இது மூப்பு பேசும் பேச்சல்ல, சாதி பேசும் பேச்சு. சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாய் நீர் எடுத்த வழியில் வந்த நாம் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கக் கூடாது. பையனும் இந்த ஒரு இடத்தில் பணிய வேண்டியதில்லை.

மற்றபடி, ராத்திரி ஊர்வலத்தில் அவனுக்கு வேண்டிய இடம் தானே வரும். நடுவழியில் பெரியவருடைய சீவாளி ஊறிப்போய்ச் சத்தம் கம்மும். அவர் அதைக் கழற்றி வேறு மாட்டுகிற வரைக்கும் பாட்டு அறுந்துபோகாமல் பையன் பிடித்து நிற்க வேண்டும். மாட்டியதும், விட்ட இடத்திலேயே அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்தவனைப் பார்த்து, அடுத்த தெருமுனையில் பெரியவரே தலையை ஆட்டி “நீ எடு” என்று விட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.