‘இயற்றியவர்’ என்னும் கட்டம்

எம்பி3 கோப்பு ஒன்றில், அதிலுள்ள பாட்டு இன்னது, பாடியவர் இன்னார் என்று சொல்லும் குறிப்புகளும் ஒலியோடு சேர்ந்தே பதிந்திருக்கும். இவற்றை டேக் என்பார்கள். 1996-இல் வந்த முதல் ஐடி3 முறை இதற்காகக் கோப்பின் கடைசி 128 பைட்டை ஒதுக்கியது. தலைப்பு, கலைஞர், ஆல்பம் ஆகிய மூன்றுக்கும் தலா 30 பைட். தேவாரம் பாடிய ‘திருஞானசம்பந்தர்’ என்ற பெயரை யூடிஎஃப்-8 முறையில் எழுதவே 48 பைட் வேண்டும். இசைவகைப் பட்டியலில் இருந்த 80 இனங்களில் கிறித்தவ காஸ்பெல் இசைக்குத் தனியிடம் உண்டு. தேவாரமோ ‘எத்னிக்’ அல்லது ‘அதர்’ என்பதற்குள்தான் அடங்க வேண்டும். இயற்றியவருக்கு அதில் கட்டமே இல்லை. 1998-இல் வந்த இரண்டாம் முறை பாடியவர், இசையமைத்தவர், பாடலாசிரியர் என்று தனித்தனிக் கட்டங்களைத் தந்தது. இடநெருக்கடி அதோடு தீர்ந்தது. அந்தக் கட்டங்களில் எதை எழுதுவது என்ற கேள்வி தீரவில்லை.

தனக்கென்று பாட்டுச் சேர்ப்பவர் எப்படி எழுதினாலும் கேடில்லை. பலர் சேர்ந்து தேவார ஒலிப்பதிவுகளைத் தொகுக்கும்போது நிலைமை வேறு. அங்கே ஒருவர் தட்டச்சிடும் ஒவ்வொரு பெயரும் மற்றவர் முன் வைக்கும் சாட்சியம்.

சம்பந்தர் பதிகங்களின் கடைசிப் பாட்டு திருக்கடைக்காப்பு எனப்படும். பாடியவர் காழி நகரத்து ஞானசம்பந்தன் என்பதையும், அதை ஓதுவோர் பெறும் பயனையும் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். ஆசிரியர் பெயரைக் காட்ட இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை. ஆனால் அதே சம்பந்தர், திருஇலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில், தம் உரை இறைவன் உரையாகவே ஆவதைச் சொல்கிறார். நம்மாழ்வாரும் திருவாய்மொழியின் ஏழாம் பத்தில், தம்மைக் கொண்டு திருமாலே தன்னைப் பாடிக்கொண்டதை வியந்து ஒரு பதிகம் முழுவதும் பாடுகிறார். அப்படியானால் இயற்றியவர் யார்?

சைவ சித்தாந்தம் இதற்குச் சொல்லும் விடை நுட்பமானது. முத்தியிலும் உயிர் அழிந்துபோவதில்லை. இறைவனோடு இரண்டறக் கலந்து அவன் பணியில் நிற்கிறது என்பது சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் காட்டும் நிலை. உயிர் இருக்கிறது, அதன் வழியே அருள் பேசுகிறது. இரண்டும் ஒருங்கே உண்மை. ஆகவே பக்தியின் பேரில் சம்பந்தர் பெயரை எடுத்துவிட்டு அங்கே ‘சிவபெருமான்’ என்று எழுதுவது பணிவாகத் தோன்றினாலும் பிழை. பாடியவரே தம் பதிகங்களில் இட்ட கையொப்பத்தைத் தொகுப்பவர் அழிப்பதற்கு நியாயம் இல்லை.

வேத பாராயணப் பதிவுகளில் சிக்கல் வேறு வகையானது. வேதத்துக்கு ஆசிரியர் எவரும் இல்லை என்பது மீமாம்சகர் கொள்கை. கடர் என்பவர் பெயரால் ‘காடகம்’ என்ற வேதப்பகுதி வழங்குகிறதே, அவர் ஆசிரியர் இல்லையா என்ற ஆட்சேபத்தை மீமாம்ச சூத்திரத்தின் ஆசிரியரான ஜைமினி எதிர்கொள்கிறார். அதைச் சிறப்பாக ஓதி விளக்கிப் பரப்பியதால் வந்த பெயர் அது என்பது அவர் விடை. ஒரு நூலோடு ஒட்டிய பெயரெல்லாம் ஆக்கியவர் பெயர் ஆகாது என்ற இந்தத் தெளிவு, பாடியவரையும் பாடலாசிரியரையும் ஒரே கட்டத்தில் கலந்துவிடும் இன்றைய தொகுப்புகள் பலவற்றில் இல்லை.

கட்டத்தை வெறுமையாக விட்டாலும் தொல்லை தீர்வதில்லை. இயற்றியவர் பெயர் இல்லாத இடத்தில் பல மென்பொருள்கள் ‘தெரியாதவர்’ என்று தாமாகவே காட்டிவிடும். தெரியாதவர் என்றால் யாரோ ஒருவர் இருந்தார் என்றுதானே பொருள்? மீமாம்சகருக்கு அது பொய்யான கூற்று. சைவ சித்தாந்திகளோ வேதமும் ஆகமமும் இறைவன் அருளியவை என்பவர்கள். அவர்களுக்கு அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதே தவறு. ஒரே ஒலிப்பதிவுக்கு இரண்டு நெறிகள் இரண்டு டேக் கேட்கின்றன. பொதுத் தொகுப்பு ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லாமல், எந்த நெறியின்படி எந்தப் பெயர் என்பதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதிவைப்பதே நேர்மை. வேத மரபுக்கும் இது புதிதல்ல. ஒவ்வொரு சூக்தத்துக்கும் ரிஷி, தேவதை, சந்தம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்த அனுக்கிரமணிகள் அங்கு உண்டு. அவற்றில் வரும் ரிஷி, மரபின் கருத்தில், மந்திரத்தைக் கண்டவர், ஆக்கியவர் அல்லர்.

பெயர்களை ஒருமைப்படுத்துவது தொகுப்பாளர்களின் அன்றாட வேலை. அதிலும் தத்துவம் ஒளிந்திருக்கிறது. மருள்நீக்கியார், தருமசேனர், நாவுக்கரசர், அப்பர் நால்வரும் ஒருவரே. ஆனால் முதற்பெயர் பெற்றோர் இட்டது, இரண்டாவது சமண வாழ்வுக்கு உரியது, மூன்றாவது இறைவன் தந்தது, நான்காவது சம்பந்தரின் அன்பில் பிறந்தது. தேடுவதற்கு ஒரே பெயர் வேண்டும் என்பது சரி. தேவாரம் பாடிய நிலைக்குரிய ‘திருநாவுக்கரசர்’ என்ற பெயரையே முதன்மையாக வைத்து, மற்றவற்றை மாற்றுப்பெயர்களாகச் சேர்ப்பது பொருத்தம். தலப்பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. சம்பந்தரின் ஊரான சீகாழிக்குப் பன்னிரண்டு பெயர்கள். பிரமபுரம், வேணுபுரம், கழுமலம் என வரும் இடமெல்லாம் ‘சீர்காழி’ என்று மாற்றிவிட்டால் தலம் ஒன்றாகும். எந்தப் பெயரைச் சொல்லிச் சம்பந்தர் பாடினார் என்பது மறைந்துவிடும். தலத்துக்கு ஒரு கட்டமும், பதிகத்தில் வரும் பெயருக்கு இன்னொரு கட்டமும் வேண்டும்.

திருமுறைப் பதிப்புகளிலேயே இரண்டு வரிசைகள் இருக்கின்றன: பண்முறை, தலமுறை. அதே பதிகங்கள்தாம், அடுக்கு மட்டும் வேறு. ஏட்டிலும் அச்சிலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டியிருந்தது. டேக் சரியாக இருந்தால் கேட்பவர் நொடியில் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டல் தொகுப்பு தந்த உண்மையான நன்மை இது.

பண் என்ற கட்டத்தில்தான் மிகுதியான குழப்பம் நேர்கிறது. தக்கேசிப் பண்ணில் அமைந்த பதிகத்தை இன்றைய ஓதுவார்கள் காம்போதி ராகத்தில் பாடுகிறார்கள், கௌசிகப் பண்ணில் அமைந்ததைப் பைரவியில். தக்கேசி பதிகத்தைப் பற்றிய செய்தி, காம்போதி அந்த ஒலிப்பதிவைப் பற்றிய செய்தி. ஒருவர் ‘தக்கேசி’ என்று எழுத, மற்றவர் காதில் கேட்டதை நம்பிக் ‘காம்போதி’ என்று திருத்த, முதலாமவர் மீண்டும் மாற்ற, சண்டை ஓயாது. இருவர் சொல்வதும் சரி. இரண்டு பொருள்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் உணரவில்லை. இயற்றப்பட்ட பாட்டையும் அதன் ஒரு பதிவையும் வேறு வேறாக வைக்கும் மியூசிக்பிரெயின்ஸ் போன்ற தரவுத்தளங்களின் அமைப்பு இங்கே கைகொடுக்கும்.

பண்ணமைப்புக்கு உரியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். மறைந்துபோன தேவாரப் பண்களை மீட்டுத் தந்தவர், திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் என்று திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அவரை இசையமைத்தவர் என்று எழுத முடியாது. பண் அவருக்கு முன்பே இருந்தது. பாடியவர் கட்டமும் அவருக்கு உரியதல்ல, ஒலிப்பதிவில் பாடுபவர் வேறொருவர். டேக் முறைகள் எதிலும் ‘மீட்டவர்’ என்று ஆயத்தமான கட்டம் கிடையாது. ஆயினும் இரண்டாம் ஐடி3 முறையும் ஆக் வோர்பிஸ் முறையும் பயனர் தாமே கட்டம் ஒன்றை உருவாக்கிக்கொள்ள இடம் தருகின்றன. ‘பண் மீட்பு: யாழ்ப்பாணர் மரபுப் பெண்’ என்று அதில் எழுதிவைக்கத் தடையில்லை.