கூட்டிப் பார்க்காத கணக்கு

தாமஸ் ஜெஃபர்சன் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தன் செலவை அன்றன்றே எழுதி வைத்தார். 1767-இல் தொடங்கும் அந்தக் குறிப்பேடுகள் அவர் இறந்த 1826 வரை நீள்கின்றன. சவரக் கூலி, படகுக் கூலி, ஏழைக்கு இட்ட சில்லறை, கடையில் வாங்கிய புத்தகம் எல்லாம் அவற்றில் இருக்கின்றன. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் அவர். அந்நாட்டின் மூன்றாம் அதிபர். எண்ணிலும் அளவையிலும் தீராத ஆர்வம் கொண்டவர். அவர் கண்ணை மூடியபோது விட்டுச்சென்ற கடன் ஏறக்குறைய 1,07,000 டாலர்.

வருமானம் போதவில்லை என்று சொல்ல வழியில்லை. அதிபருக்கு ஆண்டுச் சம்பளம் 25,000 டாலர். அந்தக் காலத்தில் அது பெரும் பணம். வெர்ஜீனியாவில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் இருந்தது. வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அவர் அடிமைகளாக வைத்திருந்தார்; அவர்கள் உழைப்புக்குக் கூலி கிடையாது. ஆனால் எட்டு ஆண்டுப் பதவிக் காலத்தில் ஒயினுக்கு மட்டும் பத்தாயிரம் டாலருக்கு மேல் போயிற்று. பாரிஸில் தூதராக இருந்து திரும்பியபின் அங்கிருந்து கப்பலில் வந்து சேர்ந்த பெட்டிகள் 86. மான்டிசெல்லோ மாளிகையைக் கட்டினார், இடித்தார், பெரிதாக்கி மறுபடி கட்டினார். மாமனார் வழியாக வந்த கடனும் விளைபொருள் விலைச் சரிவும் அவர் சுமையைக் கூட்டின என்பது உண்மை. என்றாலும் 1809-இல் பதவியைவிட்டு இறங்கும் நேரத்தில்தான், தான் நினைத்திருந்ததைவிடப் பல ஆயிரம் டாலர் கூடுதலாகக் கடன் இருப்பதை அவர் அறிந்தார். நாள் தவறாமல் எழுதியவருக்கு அது எப்படித் தெரியாமல் போனது?

எழுதினார், கூட்டவில்லை. குறிப்பேடுகளைப் பதிப்பித்த ஆய்வாளர்கள் கண்டது இதைத்தான். வரவையும் செலவையும் எதிரெதிரே நிறுத்தி, ‘இன்று என் நிலை என்ன’ என்று பார்க்கும் வழக்கம் அவரிடம் இல்லை. எழுதும் பழக்கமே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்ற நிம்மதியைக் கொடுத்துவிட்டது.

இன்று மாதம் இரண்டு லட்சம், மூன்று லட்சம் சம்பளம் வந்தும் இருபதாம் தேதிக்குள் கை காலியாகும் வீடுகளில் நடப்பதும் இதுவே. வீட்டுக் கடன் தவணை தெரியும், கார் தவணை தெரியும், இரண்டு கிரெடிட் கார்டின் பாக்கி தெரியும், அடகில் இருக்கும் நகை தெரியும். அத்தனையையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டினால் வரும் தொகை மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது. கூலி வேலை செய்பவர் வீட்டில் இந்த அறியாமைக்கு இடமே இல்லை; அரிசி தீரும் அன்று கணக்கு தானே வெளியே வந்துவிடும். பெரிய சம்பளம் அந்த நாளைத் தள்ளிப்போட வழி செய்கிறது. சம்பளச் சீட்டைப் பார்த்து வங்கியும் கொடுக்கிறது, நண்பனும் கொடுக்கிறான். ஒரு கடனை அடைக்க இன்னொன்று என்று ரொட்டேஷன் ஓடுகிறது.

வரவு சிறிதானாலும் செலவு பெருகாதவரை கேடில்லை என்ற கருத்தைத் திருவள்ளுவர் எந்த இடத்தில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. சிக்கனத்தைப் பற்றிய அதிகாரத்தில் அது வரவில்லை. பொருட்பாலில் வரும், குறளின் 48-ஆம் அதிகாரமான ‘வலியறிதல்’ போருக்குப் புறப்படும் அரசன் தன் வலிமையையும் எதிரியின் வலிமையையும் எடைபோடுவதைப் பேசுவது. அதன் கடைசிப் பகுதியில் வரவும் செலவும் வருகின்றன. தன் அளவு தெரியாதவனின் செல்வம் இருப்பதுபோலத் தோற்றம் காட்டிக்கொண்டே அழியும் என்றும், அளவறியாத கொடையும் செல்வத்தைத் தின்றுவிடும் என்றும் அவர் தொடர்கிறார். அந்த இரண்டாவது எச்சரிக்கை சுருக்கென்று தைக்கிறது. ஓய்வுபெற்ற ஜெஃபர்சனின் வீட்டுக்கு விருந்தினர் அலையலையாக வந்தார்கள், வாரக்கணக்கில் தங்கினார்கள். யாரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. தங்கை கல்யாணத்துக்கு, மச்சான் தொழிலுக்கு, ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு என்று கார்டைத் தேய்ப்பவரும் கெட்ட மனிதர் இல்லை. கடன் நுழைய மிகக் கௌரவமான வாசல் தாராள மனசுதான்.

ஆனால் அறத்தின் கேள்வி அதற்கும் கீழே இருக்கிறது. அதைக் கேட்டவரும் ஜெஃபர்சனே.

1789 செப்டம்பர் 6 அன்று பாரிஸிலிருந்து நண்பர் ஜேம்ஸ் மாடிசனுக்கு அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பூமி உயிரோடு இருப்பவர்களுக்கு உரியது. இறந்தவர்களுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. ஒரு மனிதன் தான் பட்ட கடனைத் தனக்குப் பின்னால் வருகிறவர்கள் தலையில் கட்ட இயற்கை நீதியில் இடமில்லை என்றால், ஒரு தலைமுறைக்கும் அப்படியே. இயற்கையியலாளர் பூஃபோனின் இறப்புப் பட்டியல்களை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு தலைமுறையின் ஆயுள் 19 ஆண்டு என்று வரையறுத்தார். எந்த நாடும் அதற்குள் அடைக்க முடியாத கடனை வாங்கக் கூடாது என்றார். தன் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்க்காதவர், உலகம் முழுவதற்கும் இந்தக் கூட்டலைச் செய்து முடித்தார்.

மாடிசன் அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பதில் எழுதினார். இறந்தவர்கள் நிலத்தைத் திருத்திவிட்டுப் போனார்கள். அந்தப் பலனை அனுபவிக்கிறவர்கள் அவர்களுக்குக் கடன்பட்டவர்களே. பின்வருவோரின் நன்மைக்காக வாங்கும் கடனும் உண்டு. சுதந்திரப் போருக்கு வாங்கியது அப்படிப்பட்டது. இந்த வாதம் இந்திய மரபுக்குப் புதிதில்லை. பிறக்கும்போதே பிராமணன் ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் முன்னோருக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்று தைத்திரீய சம்ஹிதை சொல்கிறது. தமிழில் ‘கடன்’ என்ற ஒரே சொல் பட்ட பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கிறது. நேர்த்திக்கடனும் காலைக்கடனும் வங்கிக் கடனும் ஒரே சொல்லில்தான் நிற்கின்றன.

ஆகவே கடன் என்பதே பாவம் இல்லை. அனுபவித்தவர் யார், அடைப்பவர் யார், இருவரும் ஒருவர்தானா என்பதில்தான் அதன் அறம் இருக்கிறது. முப்பது வயதில் வாங்கிய வீட்டுக்கு ஐம்பது வயதுவரை தவணை கட்டுகிறவர் அந்த வீட்டிலேயே இருக்கிறார். போன வருடச் சுற்றுலாவுக்கு அடுத்த வருடம் கல்லூரியில் சேரும் மகள் விலை கொடுத்தால் கதை வேறு.

மான்டிசெல்லோவில் அது எந்த அளவுக்கு வேறு என்பதை ஈடித் ஃபாசெட்டின் வாழ்க்கை காட்டுகிறது. ஜெஃபர்சனின் அடிமையான அவர், பதின்ம வயதில் அதிபர் மாளிகைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பிரெஞ்சுச் சமையல்காரரிடம் தொழில் பழகினார். பிறகு மான்டிசெல்லோவின் தலைமைச் சமையல்காரர் ஆனார். ஊரே புகழ்ந்த விருந்துகள் அவர் கையால் ஆனவை. கணவர் ஜோசஃப் அங்கே கொல்லர். ஜெஃபர்சன் தன் உயிலில் ஜோசஃபுக்கு விடுதலை தந்தார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தரவில்லை. 1827 ஜனவரியில் கடனை அடைக்க 130 பேர் ஏலத்துக்கு வந்தார்கள். விருந்தின் பாக்கிக்காக, விருந்தைச் சமைத்தவர் விற்கப்பட்டார். அவருடைய மகன் பீட்டருக்கு அப்போது பதினொரு வயது.

இன்றைய வீட்டில் ஏலமேடை இல்லை. ஆனால் உண்ணாமல் கட்டுகிறவர் எல்லா வீட்டிலும் உண்டு. மூன்று மாதமாகச் சம்பளம் தள்ளிப்போகும் வீட்டு வேலைக்காரம்மா அவர்களில் ஒருவர். அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லப்படாத மனைவி இன்னொருவர். கண் ஆபரேஷனை ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா’ என்று தானே ஒத்திப்போடும் அப்பாவும் அந்த வரிசையில்தான் வருகிறார்.

சமயங்கள் இந்த இடத்தைத் தெளிவாகக் கண்டிருந்தன. இறந்த ஒருவரின் ஜனாஸாவை நபிகள் நாயகத்திடம் கொண்டுவந்தபோது, அவருக்குக் கடன் இருக்கிறதா, அடைக்க ஏதும் விட்டுச்சென்றாரா என்று நபிகள் கேட்டார். மூன்று தீனார் கடன் இருந்தது, விட்டுச்சென்றது ஒன்றும் இல்லை. தொழுகையை நடத்தாமல் நபிகள் விலகி நிற்க, அபூ கதாதா என்ற தோழர் ‘அது என் பொறுப்பு’ என்று ஏற்ற பிறகே தொழுகை நடத்தினார். இந்து தர்ம சாத்திரம் தந்தையின் கடனை மகன் அடைப்பதை அறக்கடமை ஆக்கியது. ஆனால் சூதுக்கும் மதுவுக்கும் வீண் கொடைக்கும் பட்ட கடனை மகன் கட்ட வேண்டியதில்லை என்று மனு ஸ்மிருதியே விலக்கும் வைத்தது. அந்த அறக்கடமையை மட்டும் காட்டி மகன்மீது வழக்குப் போடும் உரிமையை 2005-இல் வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நீக்கிவிட்டது. தந்தை விட்டுச்செல்லும் சொத்தின்மீது கடன்காரருக்கு உள்ள பிடி மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் இந்தக் கடனை எங்கே பிடிப்பது? வருமானத்தை இன்னும் கூட்டினால் தீரும் என்ற நம்பிக்கையை ஜெஃபர்சனின் நூலகம் உடைக்கிறது. 1815-இல் தன் 6,487 புத்தகங்களை நாடாளுமன்றத்துக்கு 23,950 டாலருக்கு விற்றார். பெரும்பகுதி கடன்காரர்களுக்குப் போனது. உடனே மறுபடி புத்தகம் வாங்கத் தொடங்கினார். 1818-இல் பேரனின் மாமனாருக்காக 20,000 டாலருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார்; அவர் நொடித்துப்போக, அந்தச் சுமையும் இவர் தலையில் விழுந்தது. போனஸ் வந்ததும் கார்டை அடைத்து, அடுத்த மாதமே அதைத் திரும்பத் தேய்ப்பவர் செய்வது இதன் சிறு வடிவம்.

ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதிக் கூட்டுவதே முதல் வேலை. கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, எதையும் மறைக்காமல். தொகைக்குப் பக்கத்தில் வட்டி. மாதம் 3.5 சதவீதம் போடும் கார்டில் இரண்டு லட்சம் பாக்கி நின்றால் வட்டி மட்டும் மாதம் 7,000. ஐந்து சதவீதமான 10,000 கட்டினால் அசலில் கழிவது 3,000. முதலில் அடைக்க வேண்டியது எது என்பதை அந்த வரியே காட்டிவிடும். நகையை விற்றோ வைப்புத்தொகையை உடைத்தோ அதை முடிப்பது அவமானம் இல்லை. கார்டை வெட்டிப் போடாமல் முடிப்பதுதான் வீண். வட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியும் வேண்டும்: இதை அனுபவித்தது யார், இப்போது இதற்காக எதையோ விட்டுக்கொடுப்பது யார். அங்கே பெயர்களை எழுத வேண்டும். வேலைக்காரம்மாவின் பெயர் வந்தால், வட்டி இல்லாத அந்தக் கடனே பட்டியலின் தலைக்குப் போக வேண்டும்.

ஜோசஃப் ஃபாசெட் விடுதலை பெற்றபின் கொல்லுலையில் உழைத்து மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். பீட்டரை வாங்கியவர் அவனைத் திருப்பி விற்க மறுத்துவிட்டார். அவன் விடுதலைபெற 1850 வாக்கில் ஆயிற்று. ஓஹையோவின் சின்சினாட்டியில் பீட்டர் தாயின் தொழிலையே கைக்கொண்டு விருந்துச் சமையல் ஒப்பந்தங்கள் நடத்தினார், பாப்டிஸ்ட் போதகரும் ஆனார். 1900-இல், எண்பத்தைந்து வயதை ஒட்டிய நாளில், நண்பர்கள் திரட்டித் தந்த பணத்தில் ரயிலேறி மான்டிசெல்லோவைப் பார்க்க வந்தார்.